பலமுறை மாற்றம் கண்ட பழைய ரிவால்வரை வாங்குதல்: மதுரைச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையைச் சுற்றியுள்ள பகுதிகளில் பழைய ரிவால்வர் ஒன்று விற்பனைக்கு வருகிறதென்றால், அது பெரும்பாலும் கீழ்ப்பழனி மலை, போடி, மேகமலைப் பக்கத்து எஸ்டேட் குடும்பங்களிலிருந்தோ, சிவகங்கை, இராமநாதபுரம் சீமைகளின் பழைய ஜமீன் வீடுகளிலிருந்தோ, ஓய்வுபெற்ற இராணுவ, காவல் அதிகாரிகளின் வாரிசுகளிடமிருந்தோதான் வரும். தனிநபர்கள் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளை இறக்குமதி செய்யும் வழி 1980களிலேயே ஏறக்குறைய அடைபட்டுவிட்டதால், இன்று கைமாறும் அயல்நாட்டு ரிவால்வர்கள் எல்லாம் அதற்கு முன்பே இந்த மண்ணுக்கு வந்து, இரண்டு மூன்று தலைமுறைகளின் கைகளில் புழங்கியவை. அப்படிப் புழங்கிய ஆயுதம் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருப்பது அரிது. ஒருவர் குழலை வெட்டியிருப்பார், ஒருவர் நிக்கல் முலாம் பூசியிருப்பார், ஒருவர் கைப்பிடியை மாற்றியிருப்பார், தோட்டா கிடைக்காத காலத்தில் இன்னொருவர் தோட்டாக்களை ஏற்றும் சுழல் உருளையான சிலிண்டரின் அறைகளையே மாற்றியிருப்பார்.

இத்தகைய ரிவால்வரை வெறுத்து ஒதுக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. நான் அவர்களில் ஒருவனல்லன். மாற்றங்களும் அந்த ஆயுதத்தின் வரலாறுதான் என்பது என் கருத்து. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் செய்த கை எது, காலம் எது, அதற்கான தாள் எது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இருந்தால்தான் அது வரலாறு. பதில் இல்லையென்றால் அது வெறும் சேதம், சில நேரங்களில் குற்றத்தின் தடயம். ஆகவே இந்த வழிகாட்டியில் இரும்பைப் பார்ப்பதற்கு முன் தாளைப் பார்க்கச் சொல்கிறேன். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: உங்கள் உரிமத்தின் நிலை

ஆயுதச் சட்டம், 1959-இன் 3ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியை வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. 21 வயது நிறையாதவருக்கு 9ஆம் பிரிவு தடை விதிக்கிறது. 2019 டிசம்பரில் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியது. வாரிசாக வரும் துப்பாக்கியும் இந்த இரண்டுக்குள்தான் அடங்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன என்றால், மூன்றாவதைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன்பே ஒன்றை விற்கவோ ஒப்படைக்கவோ முடிவு செய்துகொள்ளுங்கள்.

சேகரிப்பாளர்களிடையே மிகுதியாகக் குழப்பம் உண்டாக்குவது பழைமை பற்றிய பேச்சுத்தான். அமெரிக்கச் சட்டத்தில் 1899-க்கு முன் செய்யப்பட்டவை தொல்பொருளாகக் கருதப்படுகின்றன என்பதைப் படித்துவிட்டு, இங்கும் நூறு வயதான ரிவால்வருக்கு உரிமம் தேவையில்லை என்று உறுதியாகச் சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். நம் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த வகையைச் சேர்ந்த அல்லது தொல்பொருள் மதிப்புடைய அல்லது பழுதடைந்த ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது என்பது உண்மை. ஆனால் பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாது என்ற நிலையும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிகள், அரும்பொருள் வகையில் வரும் சிற்றாயுதங்களை வைத்திருக்க இந்தியக் குடிமகனுக்கு உரிமம் தேவையில்லை என்றன. எனினும் அவற்றைப் பயன்படுத்தவோ, எடுத்துச் செல்லவோ, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவோ உரிமம் வேண்டும், உரிமத்தில் பதியாமல் தோட்டா விற்கக் கூடாது என்றும் அவையே சொல்கின்றன. நீங்கள் வாங்கப் போகும் குறிப்பிட்ட ரிவால்வர் இந்த வகைகளுக்குள் வருகிறதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் உரிமம் வழங்கும் அதிகாரி. விற்பவரின் வாய்ச்சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் பெறுங்கள், அந்தக் கடிதத்தை ஆயுதம் உங்களிடம் இருக்கும் வரை பத்திரமாக வையுங்கள்.

மதுரை மாநகர எல்லைக்குள் குடியிருக்கிறீர்களா, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற பகுதியில் இருக்கிறீர்களா என்பதைப் பொறுத்து உங்கள் கோப்பு போகும் இடம் வேறுபடலாம். ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமங்களைக் கவனிக்கும் பிரிவில் ஒருமுறை நேரில் விசாரித்துவிட்டு விண்ணப்பத்தைத் தொடங்குவது அலைச்சலைக் குறைக்கும்.

இரண்டாம் படி: விற்பவரின் தாள்கள்

விற்பவர் உரிமம் பெற்ற வணிகரா, தனிநபரா என்பதைப் பொறுத்து நடைமுறை மாறும். தனிநபர் தம் சொந்த உபயோகத்துக்குச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை, அதை வைத்திருக்கத் தகுதியுடைய இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால் விற்கும் எண்ணத்தையும், வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட ஆட்சியரிடமோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பாளரிடமோ எழுத்து மூலம் தெரிவித்து, குறைந்தது 45 நாட்கள் கழிந்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த 45 நாட்களுக்குள் முன்பணம் கொடுத்து ஆயுதத்தை வீட்டுக்கு எடுத்துவந்து வைத்துக்கொள்வது, எவ்வளவு நெருங்கிய உறவினரிடம் வாங்கினாலும், செய்யக் கூடாத காரியம்.

உரிமதாரர் இறந்துபோய், ஆயுதம் பல ஆண்டுகளாகப் பீரோவிலேயே கிடக்கும் வீடுகள் உண்டு. அத்தகைய வீட்டில் அந்தக் குடும்பத்துக்கே அதை வைத்திருக்கும் உரிமை இப்போது இல்லை. 21ஆம் பிரிவின்படி அவர்கள் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும். ‘அண்ணே, நீங்க எடுத்துக்குங்க, பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்’ என்று நல்ல மனத்தோடு சொல்லப்படும் சொல்லில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. அவர்களிடம் பொறுமையாக விளக்கி, முதலில் ஒப்படைக்கச் செய்து, வாரிசுகளின் ஒப்புதலோடு முறையான வழியில் கைமாற்றச் சொல்லுங்கள். சில மாதங்கள் கூடுதலாக ஆகும். அந்தச் சில மாதங்களைப் பொறுக்க முடியாதவர் இந்தத் துறையில் இறங்க வேண்டாம்.

விற்பவரின் உரிமத்தில் செய்தவர் பெயர், வரிசை எண், துளையின் அளவு (குழலின் உள்விட்டம்; .32 என்றால் ஏறத்தாழ 0.32 அங்குலம்) ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புதுப்பித்தல் பக்கங்களையும் பின்னோக்கிப் புரட்டுங்கள். 1962 அக்டோபர் 1 அன்று இப்போதைய சட்டம் நடைமுறைக்கு வந்ததற்கு முந்தைய உரிமப் புத்தகங்களும் சில குடும்பங்களில் இருக்கின்றன. அவற்றில் அதே ஆயுதம் எப்படி விவரிக்கப்பட்டிருக்கிறது என்பது, மாற்றம் நடந்த காலத்தைக் கண்டுபிடிக்க உதவும் மிகச் சிறந்த சான்று.

மூன்றாம் படி: துளை

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். சாதாரண ரிவால்வருக்கு இது ஒரு வரியில் முடியும் விஷயம். மாற்றப்பட்ட ரிவால்வருக்கோ எல்லாமே இதில்தான் இருக்கிறது.

நம் விதிகளில் சில துளைகள் தடைசெய்யப்பட்டவை. .380, .455 விளிம்புத் தோட்டாக்களையும் இராணுவ 9 மி.மீ. தோட்டாவையும் ஏற்றுச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள், அவற்றின் துளை எதுவாக இருந்தாலும், அந்த வகையில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதாவது குழலின் மேல் என்ன பொறித்திருக்கிறது என்பதைவிட, அறைக்குள் எந்தத் தோட்டா நுழையும் என்பதைத்தான் விதி பார்க்கிறது. பிரித்தானிய இராணுவத்தின் .455 வெப்லிகளும், .380 தோட்டாவுக்கான வெப்லி மார்க் 4, என்ஃபீல்டு எண் 2 ரிவால்வர்களும் இதனால் சாதாரண உரிமத்துக்கு அப்பாற்பட்டவை. அவற்றுக்கான உரிமம் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. நம் நாட்டில் .32 ரிவால்வர் இவ்வளவு பரவலாக இருப்பதற்கும், கான்பூரில் அரசுத் தொழிற்சாலை வெப்லி மார்க் 4-இன் அமைப்பைத் தழுவி .32 ரிவால்வரைச் செய்து விற்பதற்கும் பின்னணி இதுதான்.

இப்போது மாற்றங்களை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் பிரித்தானியப் படைகளுக்காக .38/200 தோட்டாவுக்கு (மேலே சொன்ன .380-இன் இன்னொரு பெயர்), 5 அங்குலக் குழலோடு, ‘விக்டரி’ என்று வழங்கும் ரிவால்வர்களைச் செய்தது. போருக்குப் பின் அவற்றில் பல, .38 ஸ்பெஷல் தோட்டா நுழையும்படி அறைகள் நீளமாகக் கடையப்பட்டு, குழல் குட்டையாக வெட்டப்பட்டு, முலாம் பூசப்பட்டு விற்கப்பட்டன. .38 ஸ்பெஷல் நீளமானது, ஆனால் சற்று ஒல்லியானது. பழைய தோட்டாவோ குட்டையானது, சற்றுப் பருத்தது. ஆகவே நீட்டிக் கடைந்த அறையில் புதிய தோட்டா சுடப்படும்போது அதன் பித்தளைக் கூடு அடிப்பகுதியில் புடைக்கும், சில நேரம் பிளக்கும். சட்டத்தின் பார்வையிலோ இன்னொரு விளைவு இருக்கிறது: அறையை நீட்டினாலும் பழைய தோட்டா இன்னும் அதில் நுழையும். அறை மாறிவிட்டது என்பதால் வகை மாறிவிடவில்லை.

.455 வெப்லிகளுக்கும் இதே போன்ற கதை உண்டு. அமெரிக்காவுக்குப் போனவற்றில் பலவற்றின் சிலிண்டர் பின்பக்கத்தைச் சீவி, .45 ஏ.சி.பி. தோட்டாவை அரைவட்டக் கவ்விகளில் கோத்து ஏற்றும்படி செய்தார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் பழைய .455-இன் அழுத்தத்தைவிட மிகவும் அதிகம்; அந்த ஆயுதங்கள் சோதனைக்காக ஒருமுறை தாங்கிய அழுத்தத்தை ஒவ்வொரு சுடுதலிலும் தாங்க வேண்டியதாயிற்று. சீவப்பட்ட சிலிண்டரைக் கண்டால், அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், சேகரிப்புக்கு உரிய மதிப்பு பெரும்பாலும் போய்விட்டது என்று கொள்ளுங்கள்.

எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெப்லி மார்க் 4 எனக்குக் காட்டப்பட்டது. உரிமத்தில் துளை .32 என்று எழுதியிருந்தது. அந்த மாதிரி .22, .32, .38 ஆகிய மூன்றிலும் செய்யப்பட்டது என்பதால் எனக்கு ஐயம் எழவில்லை. நிக்கல் முலாம் தடிப்பாக இருந்தது, பிடி புதியது, விலையும் நியாயமாகத் தோன்றியது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவர் முன்னிலையில் ஜன்னல் வெளிச்சத்தில் குழலைச் சாய்த்துப் பார்த்தபோதுதான், முலாமுக்கு அடியில் ‘.38’ என்ற பொறிப்பின் நிழல் தெரிந்தது. சிலிண்டரை முன்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு அறையின் வாயிலும் தலைமுடி அளவுக்கு ஒரு வட்டக் கோடு இருந்தது. அறைகளுக்குள் குழாய்கள் செருகி .32 ஆக்கியிருந்தார்கள், அதில் ஒரு குழாய் ஏற்கெனவே அசைந்துகொண்டிருந்தது. குழாய் கழன்றால் அது என்ன தோட்டாவை ஏற்கும், உரிமத்தில் எழுதிய துளை யார் பார்த்து எழுதியது, மாற்றியவர் யார் என்ற எந்தக் கேள்விக்கும் அங்கே பதில் இருக்கவில்லை. 2019 திருத்தத்துக்குப் பின், ஒரு வகைத் துப்பாக்கியை விதிகளில் சொல்லப்பட்ட இன்னொரு வகையாக மாற்றுவதற்கே 6ஆம் பிரிவின் கீழ் உரிமம் வேண்டும். நான் கும்பிடு போட்டுத் திரும்பிவிட்டேன். அந்த ரிவால்வரின் அழகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது; திரும்பியது சரி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே, துளையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். உரிமம் பெற்ற வணிகரையோ பழுதுபார்ப்பவரையோ கொண்டு அறையின் விட்டத்தையும் குழலின் விட்டத்தையும் அளக்கச் சொல்லி, அளவுகளை எழுதி வாங்குங்கள். உரிமத்தில் எழுதியது, குழலில் பொறித்தது, அறையில் அளந்தது ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அடுத்த படிக்குப் போகலாம்.

நான்காம் படி: எண்களும் முத்திரைகளும்

8ஆம் பிரிவின்படி, துப்பாக்கியின் மேலுள்ள பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிப்பதோ மாற்றுவதோ குற்றம். அவை இல்லாத துப்பாக்கியை விற்பதும் குற்றம். முலாம் பூசுவதற்கு முன் மெருகேற்றியபோது எண் தேய்ந்துபோயிற்று என்று சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும் என்பதால், எண் தெளிவாக இல்லாத ஆயுதத்தை நான் தொடுவதில்லை.

எண் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. போர்க்கால ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரில் அதே எண் பிடியின் அடியிலும், சிலிண்டரின் பின்முகத்திலும், குழலின் அடிப்பக்கத்துத் தட்டைப் பகுதியிலும் பொறிக்கப்பட்டிருக்கும். வலப்பக்கப் பிடி மரத்தின் உட்புறத்திலும் இருப்பதுண்டு. ரிவால்வரின் உடற்சட்டகத்தில் உள்ள எண்ணோடு சிலிண்டர் எண் ஒத்துப்போகவில்லை என்றால் சிலிண்டர் வேறோர் ஆயுதத்திலிருந்து வந்தது என்று பொருள். அந்த இன்னோர் ஆயுதம் என்னவாயிற்று என்று யாராவது ஒருநாள் கேட்கக்கூடும்.

பிரித்தானியத் தயாரிப்புகளில் துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதிக்கும் பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரைகள் காணப்படும். அகல அம்புக்குறி இராணுவச் சொத்தைக் காட்டுவது. இரண்டு அம்புகள் முனையோடு முனை எதிரெதிராக இருந்தால், அது இராணுவத்திலிருந்து முறையாக விற்று வெளியேற்றப்பட்டது என்பதற்கு அடையாளம். இராணுவக் குறி இருந்து, வெளியேற்றிய குறியோ விற்பனைத் தாளோ இல்லாவிட்டால், அது எப்படி வீட்டுக்கு வந்தது என்பதைக் கேட்டே ஆக வேண்டும். குழலின் மேல் சில்லறை வணிகரின் பெயர் இருந்தால் மகிழ்ச்சி கொள்ளுங்கள்: கல்கத்தாவின் மாண்டன், ரோடா, சென்னையின் பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற பெயர்கள் அந்த ஆயுதம் இந்தியாவில் எந்த வழியாக வந்தது என்பதைச் சொல்லும் ஒரு நூலைக் கையில் கொடுக்கின்றன. மெருகேற்றியவர்கள் முதலில் தேய்ப்பது பெரும்பாலும் இந்தப் பெயர்களைத்தான் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

ஐந்தாம் படி: எந்த மாற்றம், யாருடைய மாற்றம்

மாற்றம் போலத் தெரிவது எல்லாம் மாற்றம் ஆகிவிடாது. என்ஃபீல்டு எண் 2 ரிவால்வர் 1932-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1938-இல் வந்த அடுத்த வடிவத்தில், டாங்கிப் படையினர் ஏறி இறங்கும்போது எங்கும் சிக்காமல் இருப்பதற்காக ஹேமரின் கொம்பு நீக்கப்பட்டது. நம் பழைய தமிழில் துப்பாக்கியின் குதிரை என்று சொல்லப்படுவது இந்த ஹேமரைத்தான். பழைய வடிவத்தில் இருந்த பலவற்றையும் இராணுவப் பட்டறைகளே புதிய வடிவத்துக்கு மாற்றின. குதிரையில் கொம்பு இல்லை என்பதால் யாரோ அறுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுபவர் ஏமாந்துபோவார். அதற்கு மாறாக, தனியார் பட்டறையில் அறுக்கப்பட்ட குதிரையில் அறுத்த முகம் சமமாக இராது. அதன் நிறம் சுற்றியுள்ள பழைய நிறத்தோடு சேராது.

குழலின் நீளமும் இப்படித்தான். 1915-இல் வந்த வெப்லி மார்க் 6-இன் இயல்பான குழல் 6 அங்குலம். அதே வகை 4 அங்குலத்தில் வந்தால் பெரும்பாலும் வெட்டப்பட்டது. அதற்கு முந்தைய .455 மார்க் 4-லோ (மேலே சொன்ன .380 மார்க் 4 வேறு) 4 அங்குலம் என்பது இயல்பான நீளம். ஆகவே மாதிரியை முதலில் அடையாளம் கண்டுகொண்டு, பிறகு நீளத்தை அளக்க வேண்டும். வெட்டப்பட்ட குழலைக் காட்டிக்கொடுப்பவை மூன்று: குறிபார்க்க உதவும் முன்குறி மறுபடி பொருத்தப்பட்ட இடத்தில் தெரியும் பற்றுக் கோடு, நடுவில் அறுபட்டு நிற்கும் எழுத்து வரி, குழல்வாயின் விளிம்பு சரியான வட்டமாக இல்லாமல் இருப்பது. குழலைக் குட்டையாக்குவதற்கும் 6ஆம் பிரிவின் கீழ் உரிமம் வேண்டும் என்பதால், அது எப்போது, யாரால் செய்யப்பட்டது என்பதற்குத் தாள் இல்லாத ஆயுதத்தை வாங்காதீர்கள்.

முலாமும் மறுநிறமும் சட்டச் சிக்கல் தருவதில்லை, ஆனால் மதிப்பைக் குறைக்கின்றன. மெருகுச் சக்கரத்தில் பிடித்த ஆயுதத்தின் கூரிய விளிம்புகள் உருண்டுபோயிருக்கும். எழுத்துகள் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கியும் இருக்கும். திருகாணித் துளைகளின் ஓரம் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். ஸ்மித் அண்ட் வெஸன் தொழிற்சாலையில் நிக்கல் பூசியபோது குதிரையையும் விசையையும் பூசாமல் அவற்றின் கடினமாக்கிய நிறத்திலேயே விட்டார்கள். அவையும் பளபளவென்று நிக்கலாக இருந்தால் பூசியது வேறொருவர். முலாமுக்கு அடியில் துருவின் குழிகள் தெரிந்தால், முலாம் அவற்றை மறைக்கத்தான் பூசப்பட்டது. ஓரிடத்தில் உரிந்திருந்தால் அதன் கீழே துரு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்.

கைப்பிடியைப் பற்றிப் பலரும் யோசிப்பதேயில்லை. எஸ்டேட், ஜமீன் ஆயுதங்களில் தந்தத்தாலோ மான் கொம்பாலோ செய்த பிடிகள் அடிக்கடி காணப்படுகின்றன. அவற்றைப் பெருமையோடு காட்டுவார்கள். யானைத் தந்தமும் மான் கொம்பும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. உரிமைச் சான்று இல்லாமல் தந்தத்தை வைத்திருப்பது குற்றம். சான்று இருந்தாலும் அதை விலைக்குக் கைமாற்ற முடியாது. ஆயுத உரிமம் எவ்வளவு சரியாக இருந்தாலும், பிடியின் காரணமாக நீங்கள் வனத்துறையின் வழக்கில் நிற்க நேரலாம். விற்பவர் பிடியை வனத்துறையின் ஆலோசனைப்படி தம் பொறுப்பில் தீர்த்துக்கொண்டு, மரப் பிடியோடு ஆயுதத்தைக் கொடுக்கட்டும் என்பதே என் யோசனை.

ஆறாம் படி: இயக்கம்

சுட்டுப் பார்க்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் இயக்கத்தைப் பாருங்கள், ஏனென்றால் மாற்றியவரின் கைத்திறன் இங்கேதான் வெளிப்படும். உரிமதாரரோ வணிகரோ உடன் இருக்கும்போது, சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளும் காலியாக இருப்பதை இருவரும் கண்ணால் கண்டு, விரலாலும் தொட்டு உறுதி செய்த பிறகே தொடங்க வேண்டும். முன்பே பார்த்தாயிற்று என்று யார் சொன்னாலும் மறுபடி பாருங்கள்.

குதிரையை மெதுவாகப் பின்னுக்கு இழுக்கும்போது, அது முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும்; ஆறு அறைகளென்றால் ஆறிலும் பூட்ட வேண்டும். முழுதாக இழுத்து நிறுத்திய குதிரையைக் கட்டை விரலால் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால் அது விழக் கூடாது. விழுந்தால் விசையை இலகுவாக்க யாரோ அரத்தை எடுத்திருக்கிறார்கள். சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டினால் அசைவு உணர முடியாத அளவுக்கு இருப்பது நல்லது. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலான வெளி 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருக்கலாம், தடிமன் அளக்கும் தகடு வைத்து வணிகரையே அளக்கச் சொல்லுங்கள். வெப்லி போல நடுவில் மடங்கித் திறக்கும் வகையாக இருந்தால், மூடிய நிலையில் குழலைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். கீலிலோ மேற்பூட்டிலோ ஆட்டம் இருந்தால் அது எளிதில் சரியாகாது.

குழலுக்குள் விளக்கொளியில் பார்க்கும்போது ஓரிடத்தில் கருநிற வளையம் தெரிந்தால், முன்பு ஒரு குண்டு சிக்கியிருந்தபோது அடுத்ததைச் சுட்டு, குழல் அங்கே புடைத்திருக்கலாம். திருகாணித் தலைகளையும் பாருங்கள். சிதைந்த தலைகள், பொருத்தமற்ற கருவியோடு யாரோ உள்ளே போனதற்குச் சான்று. அப்படிப் போனவர் உள்ளே என்ன செய்தார் என்பது பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஏழாம் படி: விலை

விலையைப் பற்றி ஒன்றே ஒன்றைச் சொல்வேன். ஒரே மாதிரியான இரண்டு ரிவால்வர்களில், தொழிற்சாலை நிறம் பாதி போயும் எண்கள் அனைத்தும் ஒத்தும் இருக்கும் ஒன்றையும், புதிதுபோல மின்னும் முலாம் பூசிய ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விற்பவர் இரண்டாவதற்குத்தான் அதிகம் கேட்பார். சேகரிப்பாளர் முதலாவதற்குத்தான் அதிகம் தர வேண்டும். மாற்றத்துக்குத் தாளும் கதையும் இருக்கும்போது, உதாரணமாக இந்தக் குழலை இன்ன ஆண்டில் இன்ன கடையில் மாற்றினார்கள் என்ற பட்டியல் வீட்டில் இருக்கும்போது, அதற்கும் விலை உண்டு. கதை மட்டும் இருந்தால் அதைக் கேட்டு மகிழுங்கள், பணம் தராதீர்கள்.

எட்டாம் படி: கைமாற்றமும் அதன் பிறகும்

தனிநபரிடம் வாங்கினாலும் உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே பதிவு செய்துகொள்ளுங்கள். வணிகரின் பதிவேட்டில் செய்தவர் பெயர், எண், துளை ஆகியவற்றோடு, குழலின் நீளம், முலாம், பிடி மாற்றம் ஆகியவற்றையும் விற்பனை ரசீதில் விரிவாக எழுதச் சொல்லுங்கள். ‘பழைய ரிவால்வர் 1’ என்று எழுதிய ரசீது எதற்கும் உதவாது. பிறகு ஆயுதத்தை உரிமத்தோடு அதிகாரியிடம் காட்டி, உங்கள் உரிமத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். விற்றவரின் உரிமத்திலிருந்து அது நீக்கப்பட்டதற்கான நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதை மறப்பவர்கள் மிகப் பலர்.

நூறு வயதைக் கடந்த பொருளாக இருந்தால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை இப்போதே கைவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த ரிவால்வரை அதன் பழைய தோலுறையிலேயே வைக்காதீர்கள். தோல் பதனிடப் பயன்படுத்திய உப்புகள் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். சித்திரை வெயிலில் நம் ஊர் வறண்டு கிடந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பீரோவுக்குள் ஏறும் ஈரம், முலாம் உரிந்த இடங்களைத்தான் முதலில் தேடிப் போகும். தோலுறையைத் தனியாகவும், எண்ணெய் தடவிய ஆயுதத்தைத் தனியாகவும் பூட்டி வையுங்கள். தேர்தல் காலத்தில் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும்போது, ஒப்படைக்கும் நாளில் நல்ல வெளிச்சத்தில் இருபுறமும் படமெடுத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றிக் கொடுங்கள். ரசீதில் வரிசை எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். திரும்ப வாங்கும் நாளில் அந்தப் படங்களை வைத்துச் சரிபார்த்து, அன்று மாலையே துணியைப் பிரித்துப் பழைய எண்ணெயைத் துடைத்துப் புதிதாகத் தடவுங்கள்.

இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் வணிகர் அளந்து தந்த அளவுகள், அடுத்ததில் நீங்கள் கண்ட ஒவ்வொரு மாற்றமும், அதை யார் எப்போது செய்தார்கள் என்று விற்ற குடும்பம் சொன்னதும், அதற்குச் சான்று இருக்கிறதா இல்லையா என்பதும். அந்த வீட்டுப் பெரியவர் உயிரோடு இருக்கும்போதே ஒருமுறை போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்த ஒரு .32 ரிவால்வரின் பிடியை மாற்றியது யார் என்பதைத் தெரிந்துகொள்ளத் தாண்டிக்குடிப் பக்கம் நான் போகத் திட்டமிட்டிருந்தேன். இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன், அதற்குள் சொல்லக்கூடியவர் இறந்துவிட்டார். என் நோட்டில் அந்த வரி இன்னும் காலியாகவே இருக்கிறது.